முனைவர் பட்ட விண்ணப்பத்தில் ஆய்வு முன்வரைவின் இடம்

முன்னுரை

தமிழில் முதுகலை முடித்தவர்களுள் பலர் முன்னர் ஆய்வியல் நிறைஞர் பட்டம் பயின்று, சிறியதோர் ஆய்வேட்டை எழுதிய பின்னரே முனைவர் பட்டத்திற்கு விண்ணப்பித்தனர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் அப்பட்டத்தைக் கைவிட்டன. தலைப்பைத் தெரிவு செய்யவும் ஆதாரங்களைத் திரட்டவும், தவறிழைத்துத் திருந்தவும் வாய்ப்பளித்த இடைநிலை இன்று இல்லை. அச்சுமை விண்ணப்பத்துடன் அளிக்கும் சில பக்க ஆய்வு முன்வரைவின்மீதே விழுகிறது. அதனை அமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

தகுதி

முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் தேவை. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் முதலிய பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. 2024 முதல் நெட் தேர்வு மதிப்பெண்ணும் சேர்க்கைக்குக் கொள்ளப்படுகிறது. இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெறாது நெட் மதிப்பெண் வழி வருவோர்க்கு அம்மதிப்பெண் 70 விழுக்காடு, நேர்முகத் தேர்வு 30 விழுக்காடு எனக் கணக்கிடப்படும். அம்மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும் என்பதைப் பலர் காலங்கடந்தே அறிகின்றனர்.

தலைப்பும் வினாவும்

‘சங்க இலக்கியத்தில் இயற்கை’ என்பது ஒரு பரப்பு. ஆய்வுச் சிக்கல் அன்று. முன்வரைவு வினாவிலிருந்து தொடங்க வேண்டும். சான்றாகக் குறுந்தொகையைக் கொள்வோம். அந்நூல் 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாராலும் 1937இல் உ.வே.சாமிநாதையராலும் பதிப்பிக்கப்பெற்றது. இவ்விரு பதிப்புகளின் பாடவேறுபாடுகள் கூற்று நிகழ்த்துவோரை அடையாளங் காண்பதில் மாற்றத்தை விளைவிக்கின்றனவா என்று வினவினால் முதன்மை ஆதாரம், ஆய்வு எல்லை, ஒப்பீட்டு முறை ஆகிய மூன்றும் அவ்வினாவிலிருந்தே பிறக்கும். 401 பாடல்களையும் எடுத்துக்கொள்வதா, வேறுபாடு மிக்கவற்றை மட்டுமா என்பதையும் அங்கேயே வரையறுக்கலாம். முனைவர் பட்டத்திற்குரிய காலம் குறைந்தது மூன்றாண்டு, பொதுவாக மிகுதி ஆறாண்டு; திட்டம் அதற்குள் அடங்க வேண்டும்.

முன்னாய்வுகளைப் பட்டியலிடுவது மட்டும் போதாது. அவை எங்கு நின்றன, தம் வினா எங்குத் தொடங்குகிறது என்பதை ஒரு பத்தியில் காட்டினால் நேர்முகத் தேர்வில் எழும் பாதி வினாக்களுக்கு விடை கிடைத்துவிடும்.

நெறியாளர்

பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப்பேராசிரியர் அறுவருக்கும், உதவிப்பேராசிரியர் நால்வருக்கும் ஒரே காலத்தில் நெறியாளராக இருக்கலாம். ஓய்வு பெற மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிய ஆய்வாளரை ஏற்க இயலாது. ஆதலின் காலியிடத்தையும் ஓய்வு பெறும் ஆண்டையும் விண்ணப்பிக்கும் முன்னரே கேட்டறிதல் நன்று. இதில் கூச்சம் வேண்டுவதில்லை. ‘தாங்கள் தரும் எத்தலைப்பிலும் ஆய்வு செய்வேன்’ என நெறியாளருக்கு மடல் எழுதுவது பணிவாகத் தோன்றலாம். ஆய்வு நோக்கில் அது வெறுந்தாளே. அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதனோடு தம் வினா இணையும் இடத்தைச் சுட்டும் நான்கு வரிகள் அதனினும் பயன் தரும்.

முனைவர் பட்ட மேலாய்வு

மேலாய்வுக்கு விண்ணப்பிப்போர் தம் ஆய்வேட்டின் சுருக்கத்தையே இறந்தகால வினைகளை எதிர்காலமாக மாற்றி அனுப்பும் வழக்கம் உள்ளது. மதிப்பீட்டாளர் இதனை எளிதில் கண்டுகொள்வர். குறுந்தொகைப் பதிப்புகளை ஒப்பிட்டவர், அதே 1915இல் பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயர் உரையுடன் வெளியிட்ட நற்றிணைக்குத் தம் முறையை நீட்டிக்க விரும்பலாம். அவ்வாறாயின், ஆய்வேட்டில் எழாத எச்சிக்கல் இங்கு எழுகிறது, அதற்கு வேண்டிய சுவடிகளும் பழம்பதிப்புகளும் விண்ணப்பிக்கும் நிறுவனத்தில் உள்ளனவா என்பவற்றை முதற்பத்தியிலேயே கூறுதல் வேண்டும்.