மூன்று மாதங்களுக்கு வரும் மருத்துவர்: பட்டமேற்படிப்பு மருத்துவர்களின் மாவட்டப் பயிற்சி குறித்த விளக்கம்

கோவில்பட்டி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையைப் போன்றதொரு மருத்துவமனைக்கு நீங்கள் செல்லும்பொழுது, சென்ற முறை காணாத இளம் மருத்துவர் ஒருவர் உங்களைப் பரிசோதிக்கக்கூடும். அடுத்த முறை செல்லும்பொழுது அவர் அங்கு இல்லாமலும் போகலாம். இவர் யார், எங்கிருந்து வந்தார், இவர் தரும் சிகிச்சைக்குப் பொறுப்பேற்பவர் யார் என்ற ஐயங்கள் எழுவது இயல்பே. அவற்றுக்குரிய விடைகள் மருத்துவக் கல்லூரிகளுக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் இடையிலான ஓர் ஏற்பாட்டில் அடங்கியுள்ளன.

உறைவிட மருத்துவர் யார்?

எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்று, ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியை முடித்து, மருத்துவக் கழகத்தில் பதிவு செய்துகொண்ட ஒருவர், குறிப்பிட்டதொரு துறையில் எம்.டி. அல்லது எம்.எஸ். பட்டம் பெறும் பொருட்டு மூன்றாண்டுகள் பயில்கிறார். இக்காலத்தில் அவர் மருத்துவமனையிலேயே தங்கி நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே கற்பதால் உறைவிட மருத்துவர் எனப்படுகிறார். ஆகவே, அவரை மாணவர் என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. மருத்துவம் செய்வதற்குச் சட்டப்படி தகுதி பெற்ற மருத்துவர் அவர். எனினும் சிறப்பு மருத்துவராக அவர் இன்னும் ஆகவில்லை. இவ்விரண்டையும் ஒருசேர நினைவிற்கொள்வது நோயாளிகளுக்கு நல்லது.

பயிற்சியை ஏன் பகிர வேண்டும்?

ஒரே மருத்துவமனையில் எல்லா நோய்களையும் கண்டுவிட இயலாது. பெரிய கல்லூரி மருத்துவமனைக்கு வரும் நோயாளி பெரும்பாலும் பல இடங்களைக் கடந்து, நோய் முற்றிய நிலையில் வருகிறார். நோயின் தொடக்க நிலையையும், குறைந்த கருவிகளைக்கொண்டு முடிவெடுக்கும் முறையையும், யாரை எப்போது மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் கற்பதற்கு மாவட்ட மருத்துவமனையே தக்க இடம்.

தூத்துக்குடிக் கடற்கரை இதற்குத் தெளிவான சான்று. இக்கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டுக்குப் பின்னர் நடைபெறவில்லை. ஆயினும் சங்குக் குளிப்பு தொடர்கிறது. கடலுக்குள் ஆழத்தில் நெடுநேரம் இருந்து, காற்றுக் குழாயின் வழியே மூச்சு வாங்கும் குளியாளி விரைந்து மேலே வந்தால், அழுத்தம் குறையும்போது உடலில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகப் பிரியும். முழங்கால், தோள் மூட்டுகளில் கடும் வலி, கைகால் மரத்துப்போதல், தலைச்சுற்றல், மூச்சுத்திணறல் ஆகியன பெரும்பாலும் கரையேறிய சில மணி நேரத்திற்குள் தோன்றும். 'என்ன தொழில் செய்கிறீர்கள், இன்று கடலில் இறங்கினீர்களா' என்று கேட்கத் தெரியாத மருத்துவர், இதனைச் சாதாரண மூட்டுவலி எனக் கருதி வலிநிவாரணி கொடுத்து அனுப்பிவிடுவார். கேட்கத் தெரிந்தவர் உடனே தூய ஆக்சிஜன் அளித்து, அழுத்த அறைச் சிகிச்சைக்கு வழி தேடுவார். ஒருவர் பின்னாளில் நடப்பதும் நடவாதிருப்பதும் அந்த ஒரு கேள்வியைப் பொறுத்து அமையலாம். (வலி தீரும் என்று குளியாளியை மீண்டும் கடலுக்குள் இறக்குவது ஆபத்தானது, அவ்வாறு செய்தல் கூடாது. படுக்க வைத்து, 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.)

உப்பளத் தொழிலாளர்களின் நிலையும் இத்தகையதே. வெண்ணிற உப்புப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியால் கண்களும், உப்பு நீரில் நாள்தோறும் நிற்பதால் பாதத் தோலும், வெப்பத்தாலும் நீரிழப்பாலும் சிறுநீரகமும் பாதிப்புக்கு உள்ளாகக்கூடும். துறைமுகச் சாலைகளில் கனரக ஊர்திகளால் நேரும் விபத்துகள் வேறொரு வகை. பாடநூலில் ஒரு பத்தியாக மட்டும் வரும் செய்தி, இம்மாவட்டத்தில் வரிசையில் நிற்கும் நோயாளியாக வருகிறது.

மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டம்

இந்திய மருத்துவக் கழகத்தின் ஆளுநர் குழு 2020 செப்டம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறைத் திருத்தத்தின்படி, எம்.டி., எம்.எஸ். பயில்வோர் அனைவரும் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனை அல்லது மாவட்ட நலவாழ்வு அமைப்பில் பணியாற்ற வேண்டும். 2020-21ஆம் கல்வியாண்டில் சேர்ந்தவர்கள் தொடங்கி இது நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில் அக்கழகத்தின் இடத்தை ஏற்ற தேசிய மருத்துவ ஆணையம், 2023ஆம் ஆண்டின் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஒழுங்குமுறை விதிகளிலும் இத்திட்டத்தைத் தொடர்ந்துள்ளது. முதலில் 100 படுக்கைகளுக்குக் குறையாத அரசு மருத்துவமனையே இதற்குத் தகுதியுடையதாக இருந்தது. புதிய விதிகளில் அது 50 படுக்கைகளாகக் குறைக்கப்பட்டது. பெருநகரை விட்டு விலகிய ஊர்களுக்கு இதனால் வாய்ப்பு கூடியுள்ளது எனலாம்.

மூன்றாண்டுப் படிப்பின் ஆறு பருவங்களில் மூன்றாவது, நான்காவது அல்லது ஐந்தாவது பருவத்தில் இப்பயிற்சி அமையும். முதலாண்டின் அடிப்படைகளைக் கற்ற பின்னரே அவர் வருகிறார் என்பதைக் கவனியுங்கள். இதனை நிறைவாக முடிக்காதவர் இறுதித் தேர்வு எழுத இயலாது. தனியார் கல்லூரிகளில் பயில்வோருக்கும் இவ்விதி பொருந்தும்; அவர்களும் அரசு மருத்துவமனைக்கே வர வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டில் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி தோன்றிய பின்னர், நகரின் பழைய தலைமை மருத்துவமனை கல்லூரி மருத்துவமனையாயிற்று; மாவட்டத் தலைமை மருத்துவமனை என்னும் நிலை இன்று கோவில்பட்டிக்கு உரியது. அருகில், 1965ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி உள்ளது. கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்குநரின் கீழும், மாவட்ட, வட்ட மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரின் கீழும் இயங்குகின்றன. இரண்டும் அரசுடையவையே என்றாலும் நிருவாகம் வேறு, பணியாளர் வேறு, பதிவேடு வேறு. ஆகையால், ஒரு மருத்துவர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்வதற்கு எழுத்து வடிவிலான ஏற்பாடு இன்றியமையாததாகிறது.

ஏற்பாட்டில் இருக்க வேண்டியவை

மாவட்டத் திட்டத்தில் பெரும்பாலானவற்றை விதிகளே வரையறுத்துவிடுகின்றன. பயிற்சிக் காலம் முழுவதற்கும் உதவித்தொகையைத் தாய்க் கல்லூரியே வழங்க வேண்டும். வருகைப் பதிவை மாவட்ட அதிகாரிகள் அனுப்ப வேண்டும். மாவட்டத்தில் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். அன்றாடப் பணியில் அங்குள்ள சிறப்பு மருத்துவரே வழிகாட்டுவார். புறநோயாளிகள் பிரிவு, உள்நோயாளிகள் பிரிவு, அவசரப் பிரிவு, இரவுப் பணி ஆகிய அனைத்திலும் உறைவிட மருத்துவர் ஈடுபடுத்தப்படலாம். நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் பயில்வோர் ஆய்வகப் பணிகளைச் செய்வர்.

இத்திட்டத்திற்கு வெளியே, ஒரு மருத்துவமனையில் இல்லாத பிரிவில் பயிற்சி பெறுவதற்காக இரண்டு நிறுவனங்கள் தமக்குள் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொள்வதும் உண்டு. அங்குதான் விடுபாடுகள் நேர்கின்றன. பயிற்சியாளர் எந்தச் சிகிச்சைகளைத் தாமே செய்யலாம், எவற்றை மூத்தவர் உடனிருக்கும்போது மட்டும் செய்யலாம்; இரவில் யாரை அழைக்க வேண்டும்; ஊசிக்காயம் பட்டால் எந்த நிறுவனம் மருந்து தரும் என்பன தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கடைசியில் சொன்னது சிறு செய்தியன்று. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்ற விரைவில், 72 மணி நேரம் கடவாமல் தொடங்க வேண்டும். 'உங்கள் கல்லூரியில் போய்க் கேளுங்கள்' என்று அனுப்புவதற்கு அங்கு நேரமில்லை.

தங்குமிடமும் அவ்வாறே. இரவு இரண்டு மணிக்குப் பணி முடிக்கும் பெண் மருத்துவருக்குப் பாதுகாப்பான அறை இல்லையெனில், அந்த ஏற்பாடு தாளில் மட்டுமே நிற்கும்.

நோயாளியாக நீங்கள் அறிய வேண்டியவை

உங்களுக்குச் சிகிச்சையளிப்பவரின் பெயரையும் தகுதியையும் கேட்டறிய உங்களுக்கு உரிமை உண்டு. தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனம் இதனைக் கூறுகிறது. 'ஐயா, தாங்கள் பயிற்சியில் உள்ளவரா? பெரிய மருத்துவர் யார்?' என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் அளிக்கும் முன்னர், அதனைச் செய்பவர் யார், மேற்பார்வையிடுபவர் யார் எனவும் கேளுங்கள். ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது பெண் ஒருவர் உடனிருக்க வேண்டும் எனப் பெண் நோயாளி கோரலாம்.

பயிற்சி மருத்துவர் பார்த்தார் என்பதால் சிகிச்சை தரம் குறைந்தது எனக் கருத வேண்டியதில்லை. பல வேளைகளில் அவரே உங்கள் வரலாற்றைப் பொறுமையாகக் கேட்பவராக இருப்பார். உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது: அவர் மூன்று மாதங்களில் சென்றுவிடுவார். உங்கள் சர்க்கரை அளவு ஏன் மாற்று மருந்தைக் கோரியது, எந்த மருந்து உங்களுக்கு ஒவ்வாது என்பவை அவர் நினைவில் மட்டும் இருந்தால், அவருடன் அவையும் சென்றுவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் சிகிச்சைக் குறிப்பேட்டில் எழுதித் தருமாறு கேளுங்கள். வெளியேற்றச் சுருக்கம், ஆய்வக முடிவுகள், மருந்துச் சீட்டு ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து அடுத்த முறை எடுத்துச் செல்லுங்கள். கடல்தொழில், சங்குக் குளிப்பு, உப்பளம், துறைமுகச் சுமைப்பணி என எது உங்கள் தொழிலாயினும், மருத்துவர் கேட்கும் முன்னரே சொல்லிவிடுங்கள். வெளியூரிலிருந்து வந்தவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

சிகிச்சையில் குறை இருப்பின், முதலில் பிரிவின் சிறப்பு மருத்துவரிடமும், பின்னர் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடமும் தெரிவிக்கலாம். மருத்துவ ஆலோசனைக்கும் புகார்களுக்கும் 104 என்னும் கட்டணமில்லா எண்ணை அழையுங்கள்.