கூடாரத்தில் ஓர் இரவு: காட்டுக்குப் புறப்படும் முன் அறிய வேண்டியவை

கோடை விடுமுறை நெருங்கும் நாள்களில் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. “பிள்ளைகள் மலைக்குப் போய்க் கூடாரத்தில் தங்க வேண்டும் என்கிறார்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. நானும் போகலாமா, டாக்டர்?” பெரும்பாலோருக்கு நாங்கள் கூறும் விடை “போகலாம்” என்பதே. காட்டின் காற்றும் நடையும் உடலுக்கும் உள்ளத்துக்கும் நன்மை தருபவை. ஆனால் எதைக் கொண்டு செல்வது, எங்கே படுப்பது, உணவை எங்கே வைப்பது என்னும் மூன்றையும் புறப்படும் முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும். காட்டில் தங்குவோர் யானைக்கும் சிறுத்தைக்கும் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் நியாயமானதே. எனினும், அவர்கள் எண்ணிப் பாராத சிற்றுயிர்களாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

வலியில்லாத கடி

சமவெளியிலும் மலையடிவாரத்திலும் வாழும் கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் உறங்குபவரை அது கடிக்கும்போது பெரும்பாலும் வலி இருப்பதில்லை, வீக்கமும் இருப்பதில்லை. பல் பதிந்த தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். கடிபட்டவர் விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுகிறார். முந்தைய இரவு உண்ட உணவே காரணம் என்று வீட்டார் எண்ணி, சோடா வாங்கிக் கொடுக்கின்றனர். சற்று நேரத்தில் இமைகள் தாழ்கின்றன, பேச்சு குழறுகிறது, எச்சிலை விழுங்க இயலவில்லை. அதன்பின் மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன.

இந்நஞ்சு நரம்பின் முனையைத் தாக்குகிறது. தாக்குதல் முற்றிய பின்னர் நஞ்சுமுறி மருந்தால் மட்டும் அதை உடனே மாற்ற இயலாது. நரம்பு தானே தேறும்வரை, சில வேளைகளில் பல நாள்கள், செயற்கைச் சுவாசக் கருவியே உயிரைத் தாங்குகிறது. அதனால் இங்கே ஒவ்வொரு மணி நேரமும் மதிப்புடையது. வெளியிலோ தரையிலோ உறங்கி எழுந்தவருக்குக் காரணம் தெரியாத வயிற்று வலியோ இமைத் தாழ்வோ தோன்றினால், பாம்பைக் கண்டாலும் காணாவிட்டாலும், கட்டுவிரியன் கடி என்றே ஐயுற்று மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இத்தகைய நோயாளிகளின் குடும்பத்தாருக்கு ஒன்று கூற விரும்புகிறோம். கண்ணைத் திறக்கவோ விரலை அசைக்கவோ இயலாமல் கிடப்பவர், நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவரருகில் நம்பிக்கை தரும் சொற்களையே பேசுங்கள்.

கூடாரமும் படுக்கையும்

இந்த ஆபத்தைத் தடுக்கும் கருவி விலை உயர்ந்ததன்று. தரைவிரிப்போடு சேர்த்துத் தைக்கப்பட்டு, ஜிப்பினால் முழுவதும் மூடக்கூடிய கூடாரமே போதும். அடிப்பகுதி திறந்திருக்கும் பந்தல் போன்ற கூடாரத்தில் தங்க நேர்ந்தால், மடக்குக் கட்டிலையும், விளிம்புகளை மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலையையும் பயன்படுத்துங்கள். கொசுவலை கொசுவை மட்டுமன்றிப் பாம்பையும் தேளையும் தடுக்கிறது. உள்ளே நுழைந்ததும் ஜிப்பை மூடும் பழக்கத்தைக் குழந்தைகளுக்கு முதல் நாளே கற்றுக்கொடுங்கள். காலணிகளைக் கூடாரத்துக்குள் வைத்து, காலையில் தலைகீழாகத் தட்டிய பின்னரே அணியுங்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழுபவர்கள் டார்ச் இல்லாமல் ஓரடியும் வைக்கலாகாது. கைகள் இரண்டும் ஓய்வாக இருக்க, நெற்றியில் கட்டும் விளக்கு முதியோருக்கு மிகவும் ஏற்றது.

இடத் தேர்வும் கருவிக்கு நிகரானது. ஓடைக்கரை குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் விலங்குகள் நீர் அருந்த வரும் வழியும் அதுவே. மேல்மலையில் பெய்யும் மழை அங்கே திடீர் வெள்ளமாக இறங்கும். மூங்கில் புதர், பழுத்த பலா மரம், புதிய யானைச் சாணம் கிடக்கும் ஒற்றையடிப் பாதை, தேனடை தொங்கும் பாறை ஆகியவற்றின் அருகே கூடாரம் அடிக்கக் கூடாது. காப்புக்காடுகளில் வனத்துறையின் அனுமதி பெற்று, அவர்கள் காட்டிய இடத்தில் மட்டுமே தங்க வேண்டும். அந்நிலத்தை அறிந்த வழிகாட்டியின் சொல் எந்தக் கருவியைவிடவும் பயனுடையது.

உணவும் யானையும்

யானையின் மோப்பத் திறன் வியப்புக்குரியது. ஆனைமலையின் வால்பாறைப் பகுதியில் அரிசியை நாடி வரும் யானைகள் ரேஷன் கடைகளின் சுவர்களையும் பள்ளிச் சத்துணவுக் கூடங்களின் கதவுகளையும் உடைப்பது அவ்வூர் மக்கள் நன்கறிந்த செய்தி. செங்கல் சுவரே தடையாகாதபோது கூடாரத் துணி எம்மாத்திரம்? ஆகவே அரிசி, வெல்லம், வாழைப்பழம், உப்பு முதலிய எதையும் உறங்கும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. மணமுள்ள பற்பசையும் சோப்பும் இதில் அடங்கும். சமையலும் உணவும் கூடாரத்திலிருந்து குறைந்தது 60 மீட்டர் தொலைவில் நடக்கட்டும். வெளிநாட்டுக் காணொளிகளில் உணவுப் பையை மரக்கிளையில் தொங்கவிடுவதைக் காணலாம். அது அந்நாட்டுக் கரடிகளுக்காக வகுத்த முறை. துதிக்கை நீட்டும் யானைக்கு அது தடையன்று. இறுக மூடும் டப்பாக்களில் அளவாகக் கொண்டு சென்று, எஞ்சியதை ஊழியர்களின் கட்டடத்தில் ஒப்படைப்பதே நல்லது. எச்சில் இலையையும் எலும்பையும் வெளியே எறிந்தால் முதலில் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும்.

வால்பாறை மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. யானை அருகில் நிற்பதை அறியாமல் இருளில் நடந்தவர்களே அங்கு பெரிதும் உயிரிழந்தனர் என்பதைக் கண்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள், யானை நடமாடும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும் செல்பேசியால் இயக்கும் சிவப்பு விளக்குகளாலும் ஊருக்கு அறிவிக்கும் முறையைக் கொண்டுவந்தனர். நமக்கும் அதுவே பாடம். அந்தி சாய்ந்த பின் முகாமை விட்டு நடக்காதீர்கள். நடக்க நேர்ந்தால் விளக்கேந்தி, பேசிக்கொண்டே செல்லுங்கள். திடுக்கிட்ட கரடிதான் பாய்கிறது. மனிதர் வரும் ஓசையை முன்னரே கேட்டால் அது பெரும்பாலும் விலகிச் செல்லும். யானையைக் கண்டால் படம் எடுக்க நிற்காமல், ஓசையின்றிப் பின்வாங்குங்கள்.

நெருப்பும் புகையும்

தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற பலர் உயிரிழந்ததை நாம் மறக்க இயலாது. கோடைக்காலத்தில் காய்ந்த போதைப்புல் ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். காட்டில் நெருப்பு மூட்டுவதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். புகை மலைத்தேனீக்களையும் கிளர்ந்தெழச் செய்யும்.

குளிருக்காகக் கரி அடுப்பையோ எரிவாயு அடுப்பையோ மூடிய கூடாரத்துக்குள் வைப்பது இன்னொரு கொடிய தவறு. அதிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழப்பார். குளிருக்குத் தகுந்த உறக்கப்பை, தரைக்குளிர் ஏறாதபடி அதன் அடியில் விரிக்கும் தடித்த பாய், உலர்ந்த கம்பளிக் காலுறை ஆகிய மூன்றும் இருந்தால் அடுப்புக்குத் தேவையில்லை.

நோயாளிகளின் பை

நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளைப் பயண நாள்களைவிட இரண்டு நாள்கள் கூடுதலாக, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். மருந்துச் சீட்டின் நகலும் இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் வாகனத்தில் விடாதீர்கள். சர்க்கரை நோயாளர், தாழ்சர்க்கரைக்கு உதவும் குளுக்கோஸைச் சட்டைப்பையிலேயே, மூடிய டப்பாவில் வைத்திருக்க வேண்டும். உணவைத் தொலைவில் வைக்கும் விதிக்கு இதுமட்டும் விலக்கு. பாத உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கலாகாது. மாலைதோறும் பாதங்களைப் பிறர் பார்க்கட்டும். ஆஸ்துமா உடையோர் இன்ஹேலரைத் தலைமாட்டில் வைத்து உறங்க வேண்டும். இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவரை அட்டை கடித்தால் குருதி நெடுநேரம் கசியலாம். தூய துணியால் விடாமல் அழுத்துங்கள், நிற்காவிட்டால் மருத்துவரை நாடுங்கள். வெள்ளியங்கிரி போன்ற செங்குத்தான ஏற்றத்துக்கு இதய நோயாளர்கள் மருத்துவரின் இசைவின்றிப் புறப்படக் கூடாது.

கடி நேர்ந்தால்

பாம்பு கடித்தவரைப் படுக்க வைத்து அமைதிப்படுத்துங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றைக் கழற்றுங்கள். கடிபட்ட உறுப்பை அசையாதபடி சட்டத்தோடு தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல், பச்சிலை வைத்தல் ஆகிய எதையும் செய்யாதீர்கள். நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். வாந்தி வந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். 108ஐ அழையுங்கள், செல்பேசி எட்டும் இடம் எது என்பதை முதல் நாளே அறிந்திருங்கள். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. நம் நாட்டு நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவானது. மலைக்காடுகளில் வாழும் குழிவிரியன்களுக்காக அது செய்யப்படவில்லை. அக்கடிகளுக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பும் சிகிச்சையும் தேவை.

குரங்கோ நாயோ கடித்தால், கீறினாலும்கூட, புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள்.

திரும்பி வந்த பின்

புதர்களில் வாழும் நுண்ணிய பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வருவது ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். கடித்த அன்று ஒன்றும் தெரியாது; ஏறத்தாழ 10 நாள்கள் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டையின் அடி ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டது போன்ற கருத்த வலியற்ற புண் காணப்படலாம். உரிய காலத்தில் கண்டறிந்தால் விலை மலிந்த டாக்சிசைக்ளின் மருந்தே இதைக் குணமாக்கும்; தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். முழுக்கைச் சட்டை அணிவதும், புல்லின்மீது நேரே அமராமல் விரிப்பில் அமர்வதும், முகாமிலிருந்து திரும்பியதும் குளித்து உடையை வெந்நீரில் துவைப்பதும் இதற்கான காப்பு.

பயணம் முடிந்து மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், எந்த மருத்துவரிடம் சென்றாலும் முதலில் இதைச் சொல்லுங்கள்: “காட்டில் கூடாரத்தில் தங்கியிருந்தேன்.” அந்த ஒரு வாக்கியத்தால், எந்தப் புண்ணைத் தேட வேண்டும் என்பதும் எந்தச் சோதனையை முதலில் செய்ய வேண்டும் என்பதும் எங்களுக்கு விளங்கிவிடும்.