உலைக்கு முன் ஒரு பிடி

எங்கள் பாட்டி உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையிலிருந்த கலயத்தில் போடுவார். சனிக்கிழமை உபதேசியாரின் மனைவி பையோடு வருவார். வாரம் முழுக்கச் சேர்ந்தது ஒரு படி தேறினால் அதிகம். பனையேறிப் பிழைத்த வீடு அது. பதநீர்க் காலம் முடிந்தால் எங்களுக்கே கஞ்சிதான். அப்போதும் கலயத்துக்குப் போகும் பிடி சிறுத்ததில்லை. எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சினால் பார்க்கலாம் என்ற எண்ணமே அவருக்கு வந்ததில்லை. ஆண்டவருக்குரியது முதலில், பிறகுதான் எங்கள் தட்டு.

இந்தியர் பணத்தில், இந்தியர் ஊழியத்தில் நடப்பது என்ற உறுதியோடு 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அதைத் தாங்கியவை இப்படிப் பிடியரிசி சேர்த்த திருநெல்வேலிச் சீமைச் சபைகள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் பொறுப்பை விட்டு 1909-ல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார். முதலில் தங்கியது கூடாரத்தில். 1912-ல் பேராயரானது பிறகு நடந்த கதை.

இன்று எங்கள் ஊரில் பனைகள் குறைந்துவிட்டன. பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும். கோவிலுக்குப் புதுத் தரை, காணிக்கைப் பெட்டியருகே கியூ.ஆர். அட்டை. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழம் ஆயிரங்களைத் தொடுகிறது. பணம் வருவது நல்லதுதான். கூரை ஒழுகுவதில்லை, ஊழியத்துக்கும் போகிறது. ஆனால் நன்கொடைக் கல்வெட்டில் யார் பெயர் மேலே என்பதிலேயே ஒரு முழு மாலைக் கூட்டம் கரைந்ததை நான் உட்கார்ந்து பார்த்தேன். மனம் வலித்தது. நானும் வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம் எல்லாம் போக மாதக் கடைசியில் மிஞ்சுவதையே உறையில் போடுகிறவன்.

பாட்டியால் முதலிலேயே கொடுக்க முடிந்தது எப்படி? தன் குலப்பெருமை, படிப்பு எல்லாவற்றையும் பவுல் குப்பை என்றது வெறுப்பினால் அல்ல. அவற்றைவிட மேலானவரைக் கண்டுகொண்டார். பாட்டியும் அப்படித்தான். எதையோ இழக்கிறோம் என்ற முகம் அவருக்கு இருந்ததே இல்லை.

அந்த முகத்தைப் போன வருடம் மறுபடி பார்த்தேன். நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த எங்கள் வீட்டுப் பெண், முதல் சம்பளத்தை அப்படியே மிஷனெரிக் காணிக்கை உறையில் வைத்தாள். பெயர் எழுதவில்லை. வேலைக்குத் திரும்பும்போது பஸ்ஸுக்கு என்னிடம் இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனாள்.