நெஞ்செரிச்சலை அறியும் நரம்புகள்

அவித்த முட்டையின் மஞ்சள் கரு நெஞ்சில் அடைத்துக்கொண்ட அனுபவம் பலருக்கு இருக்கும். தொண்டையைத் தாண்டிவிடும்; ஆனால் மார்பெலும்புக்குப் பின்னால் வந்து நின்றுகொள்ளும். முதலில் ஒரு அழுத்தம், பிறகு வலி, கண்ணில் நீர். சில நொடிகளில் தானாகவே இறங்கிவிடும்.

அதை இறக்கிவிடுவது நரம்புகள்தாம். சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாயின் சுவரில் இரண்டு தசை அடுக்குகள் உண்டு. அவற்றுக்கு நடுவே வேகஸ் நரம்பின் நுனிகள் மெல்லிய தகடுபோல் பரந்து கிடக்கின்றன. குழாய் சற்று விரிந்தாலும் அவை இழுபட்டு மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்பும். உடனே கவளத்துக்கு மேலே தசை இறுகும், கீழே தளரும். தினமும் நடக்கும் இந்த வேலை நம் கவனத்துக்கே வருவதில்லை. விரிவு அளவு மீறும்போது வலியைச் சொல்பவை, பெரும்பாலும் தண்டுவடம் வழியாகப் போகும் வேறு நரம்புகள்.

இரைப்பையிலிருந்து ஏறிவரும் அமிலத்தை அறியும் விதம் இன்னும் அழகானது. உள்தோலின் செல்களுக்கு இடையில் ஒளிந்திருக்கும் நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்ற புரதம் இருக்கிறது. மிளகாயின் காரத்தை நாக்கில் உணர்வதும் இதே புரதம்தான். 1997-இல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் திறக்கும் இந்தப் புரத வாசல், அமிலம் பட்டால் உடம்பின் இயல்பான சூட்டிலேயே திறந்துவிடும். மிளகாய்க்கும் சூட்டுக்கும் புளித்த ஏப்பத்துக்கும் ‘எரிகிறது’ என்ற ஒரே சொல்லை நாம் வைத்திருப்பது எவ்வளவு பொருத்தம்!

அமிலம் அடிக்கடி ஏறினால் இந்த நரம்புகள் கூர்மையாகிவிடும். பிறகு கொஞ்சம் பட்டாலே எரியும். பலருக்கு எண்டோஸ்கோப்பியில் புண் எதுவும் தெரியாது. ‘எல்லாம் மனசுதான்’ என்று வீட்டார் சொல்வார்கள். அது தவறு. அந்த எரிச்சல் நிஜம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். உணவுக்குழாயின் வலியும் இதயத்தின் வலியும் தண்டுவடத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன. எது எங்கிருந்து வந்தது என்று மூளையாலேயே பல நேரம் பிரித்தறிய முடிவதில்லை. அதனால் நெஞ்சு வலியோடு வியர்வையோ மூச்சுத்திணறலோ கை, தாடையில் வலியோ வந்தால், ‘கேஸ்’ என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள்.