கான்ட்ரா என்ட்ரியைக் காணோம்!

பி.காம். முடித்த கையோடு ஓர் ஆடிட்டரிடம் கொஞ்ச நாள் எடுபிடியாக இருந்தேன். மனுஷன் நஷ்டக் கணக்கைப் பார்த்துப் பயப்பட மாட்டார். ரொம்ப அழகான கணக்கைப் பார்த்தால்தான் பயப்படுவார். ஒருமுறை ஒரு கம்பெனிக்குக் கோடிக்கணக்கில் வரவு, கோடிக்கணக்கில் செலவு, கடைசியில் கையிருப்பு நூற்றுச் சொச்சம் ரூபாய்!

"டேலி ஆயிடுச்சு ஸார்!" என்று துள்ளினேன்.

"அதாம்ப்பா இடிக்குது. இவ்வளவு பெரிய நம்பர் ரெண்டு, தானா அடிபட்டுப் போகாது. எங்கேயோ ஒரு கான்ட்ரா என்ட்ரி இருக்கு. தேடு" என்றார்.

இயற்கையின் பேரேட்டிலும் இப்படி ஒரு கையிருப்பு இருக்கிறது. ஹிக்ஸ் துகள்!

2012 ஜூலை 4 அன்று, ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் அது அகப்பட்டதாக அறிவித்தார்கள். எடை 125 ஜி.இ.வி. (ஒரு புரோட்டான் சுமார் 1 ஜி.இ.வி. அதுதான் நம் படிக்கல்.) எல்லாரும் கைதட்ட, தியரி ஆசாமிகள் சிலர் மட்டும் நெற்றியைச் சுருக்கினார்கள். இவ்வளவு குறைச்சலா?

காரணம், குவாண்டம் விதிப்படி ஹிக்ஸின் எடையில் மற்ற துகள்களும் கை வைக்கும். அதில் பெரிய கை டாப் குவார்க்குடையது. 1995-இல் அமெரிக்காவின் ஃபெர்மிலாபில் சிக்கிய குண்டன். 173 ஜி.இ.வி.; ஒற்றைத் துகள், ஆனால் கிட்டத்தட்ட ஒரு தங்க அணுவின் எடை! இன்றைய தியரியை அப்படியே உச்ச ஆற்றல் வரை நீட்டினால், இவன் ஹிக்ஸ் கணக்கில் எழுதும் தொகை நிஜக் கணக்கைவிட முப்பது இலக்கம் கூடுதலாகப் போகிறது. அதே அளவுக்கு இன்னொரு தொகை வந்து அதைக் கழித்து, மிச்சம் சமர்த்தாக 125 என்றால் ஆடிட்டர் விடுவாரா?

'தற்செயல்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இந்த மாதிரிச் சந்தேகம் முன்பே ஒரு தடவை பலித்திருக்கிறது. 1970-இல் தெரிந்த குவார்க்குகள் மூன்றுதான். அந்தக் கணக்குப்படி தாராளமாக நடக்க வேண்டிய சில சிதைவுகள் நடக்கவே காணோம். "நாலாவதாக ஒருத்தன் ஒளிந்திருந்து எதிர்ப்பதிவு போடுகிறான்" என்றார்கள் கிளாஷோ, இலியோபவுலோஸ், மையானி மூவரும். 1974 நவம்பரில் இரண்டு அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் ஒரே சமயத்தில் அவன் தடயத்தைப் பிடித்தன. அவன்தான் சார்ம் குவார்க்.

ஹிக்ஸ் கணக்கில் யார் ஒளிந்திருக்கிறார்கள்? 1984-இல் ஜார்ஜையும் கப்லானும் கொடுத்த யோசனையில் ஒரு விடை இருக்கிறது. அதன்படி ஹிக்ஸ் அடிப்படைத் துகளே இல்லை. இன்னும் சின்ன சரக்குகளால் கட்டிய கூட்டுத் துகள். பையானைப் பாருங்கள். புரோட்டானைப் போலவே குவார்க்கால் ஆனதுதான். எடையோ அதில் ஏழில் ஒரு பங்கு. ஒரு சமச்சீர் விதி அதைக் குண்டாகாமல் காவல் காக்கிறது. ஹிக்ஸும் அந்த ஜாதியாக இருந்தால், கனமான டாப் உறவினர்களும் கூடவே இருக்க வேண்டும். 'டாப் பார்ட்னர்' என்று பெயர். டாப் எழுதுவதை இவர்கள் அடித்து எழுதுவார்கள். ஒரே நிபந்தனை, ரொம்ப குண்டாக இருக்கக் கூடாது. ஆயிரம் ஜி.இ.வி. சுற்றுவட்டாரம் என்றால் சௌகரியம். எடை ஏற ஏற, அடித்தல் அரைகுறையாகிவிடும்.

ஆகவே வலை வீசினார்கள். 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் புரோட்டான் கூட்டங்கள் வினாடிக்குச் சுமார் 4 கோடி தடவை எதிரெதிரே வந்து மோதும். அதில் பார்ட்னர் ஜோடி பிறந்தாலும் அடுத்த கணமே உடைந்துவிடும். டாப் அல்லது பாட்டம் குவார்க் ஒரு பக்கம். டபிள்யூ, இசட் அல்லது ஹிக்ஸ் மறு பக்கம். அந்தச் சிதறலைத்தான் அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரண்டு ராட்சதக் கருவிகள் பொறுக்குகின்றன.

பார்ட்னர்களில் ஒருத்தன் வித்தியாசமானவன். டாப்பின் மின்னூட்டம் மூன்றில் இரண்டு. இவனுக்கோ மூன்றில் ஐந்து! இவன் உடையும்போது ஒரே மின்குறியுள்ள இரண்டு எலெக்ட்ரான்களோ மியூவான்களோ வெளியே வரக்கூடும். சாதாரண மோதல்களில் அது அபூர்வம். திருடன் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற மாதிரி.

அப்படியும் அகப்படவில்லை! 2015 முதல் 2018 வரை சேர்த்த மோதல்களைச் சலித்தாயிற்று. வழக்கமான வழிகளில் உடைகிற பார்ட்னர், சுமார் 1,300 ஜி.இ.வி.க்குக் கீழே இல்லை. சில வழிகளுக்கு வேலி 1,500-ஐயும் தாண்டிவிட்டது. சௌகரிய எல்லை போயே போச்சு.

இனி? பார்ட்னர் இன்னும் கனமாக இருக்கலாம். யாரும் எதிர்பாராத வழியில் உடையலாம். மூன்றாவது சாத்தியம்தான் வயிற்றைக் கலக்குவது. 'பெரிய நம்பர்கள் தானாக அடிபடாது' என்ற விதியை நம்பித்தான் ஒரு தலைமுறையே உழைத்திருக்கிறது. இயற்கைக்கு அந்த விதி பொருந்தாது என்றால்? தேடியவர்கள் வாழ்க்கையை அடகு வைத்தது ஒரு தற்செயலுக்காக என்றாகிவிடும். அதற்குள் புத்தகத்தை மூடவும் மனசு வரவில்லை. இதே யந்திரத்தை மேம்படுத்தி, முதலில் திட்டமிட்டதைப் போல் பத்து மடங்கு மோதல்கள் சேர்க்கப் போகிறார்கள்.

அந்தக் கம்பெனிக் கணக்கு என்னாச்சு என்கிறீர்களா? மூன்றாம் நாள் சாயங்காலம், நான் பத்துத் தடவை புரட்டிய அதே பக்கத்தில் கான்ட்ரா என்ட்ரி கிடைத்தது. முதலாளியின் மச்சான் பேரில்!

டாப்புக்கும் ஒரு மச்சான் இருக்கிறானா என்றுதான் செர்னில் இன்னமும் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.