கடைசிப் பொத்தானிலிருந்து

சட்டை போடப் பழக்குவதென்றால் நான் கடைசிப் பொத்தானில்தான் தொடங்குவேன். மேலே உள்ளதையெல்லாம் நானே மாட்டிவிட்டு, அடியில் இருக்கும் ஒன்றை மட்டும் பிள்ளையிடம் விடுவேன். அது துளைக்குள் நுழைந்தால் வேலை முடிந்தது, முடித்தவன் அவன். அது கைவந்த பிறகு கடைசி இரண்டு. இப்படியே கழுத்துவரை ஏறுவோம். மேலிருந்து தொடங்கினால் பாதியில் களைத்துப்போவான், மிச்சத்தை அம்மா முடித்துவைப்பார்.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியர் நான். பதினாறு, பதினேழு வயதானதும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "எங்களுக்கப்புறம் இவன் என்ன டீச்சர் பண்ணுவான்?"

"இப்ப என்ன பண்றான்? தோசை சுடுவானா?"

"அடுப்புப் பக்கமே விடறதில்ல டீச்சர்."

விடவேண்டும். கூட நின்று விடவேண்டும்.

கணக்கு வராதவனும் கடைக்குப் போகலாம். பத்து ரூபாய் நோட்டுகளாகவே கொடுத்தனுப்புங்கள். கடைக்காரர் முப்பத்தேழு என்றால், 'முப்பது' காதில் விழுந்ததும் மூன்று நோட்டு, மேலே ஒன்று. கழித்தல் தெரியவேண்டியதில்லை, மீதிக்குக் கைநீட்டத் தெரிந்தால் போதும். பஸ்ஸுக்கு, எண் எழுதிய அட்டை சட்டைப்பையில். வரும் பஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏறுவான். முதலில் நான் பக்கத்து இருக்கையில், பிறகு பின் இருக்கையில், அப்புறம் ஸ்கூட்டரில் பஸ்ஸுக்குப் பின்னால். இதற்கு மாதக்கணக்காகும்.

பதினெட்டு வயதானால் சட்டப்படி அவர் பெரியவர். ஆனாலும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கு மாவட்ட அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் வேறு மாதிரி: முடிவை மாற்றுத்திறனாளியுடன் சேர்ந்தே எடுக்கவேண்டும். பல வீடுகளில் சட்டை நிறத்தைக்கூட அவரைக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

நான் விடாப்பிடியாகக் கற்றுத்தருவது 'வேண்டாம்' என்று சொல்ல. இந்தப் பிள்ளைகளை எல்லாரும் 'சொன்னபடி கேள்' என்றே வளர்க்கிறார்கள். தப்பான எண்ணத்தோடு தொடுபவன் சொன்னாலும் அப்படியே கேட்பார்கள். அதனால் வகுப்பில் தினமும், பிடிக்காததை நீட்டி மறுக்கவைப்பேன்.

போன மாதம் ஓர் அம்மா குறைபட்டுக்கொண்டார்: "வீட்ல உப்புமாவுக்கும் வேண்டாம்ங்கிறா டீச்சர்!"

"வேற என்ன வேணும்னு கேட்டீங்களா?"

"தோசையாம்."

"மாவு இருக்குல்ல? அவளே சுடட்டும்."