கழிவுநீரைத் தூய்மையாக்கும் கிழக்கு கொல்கத்தா சதுப்பு நிலம்: செயல்படுவது எப்படி?

கொல்கத்தா: கொல்கத்தா மாநகரின் கழிவுநீரில் கணிசமான பகுதியைச் சுத்திகரிப்பது இயந்திரங்கள் அல்ல, நகரின் கிழக்கே உள்ள மீன் குளங்கள். அங்கிருந்து வெளியேறும் நீர், குல்தி ஆற்றின் வழியாகச் சுந்தரவனக் கழிமுகத்தை நோக்கிச் செல்கிறது.

'பேரி' எனப்படும் ஆழம் குறைந்த இக்குளங்களில் கால்வாய் மூலம் கழிவுநீர் தேக்கப்படுகிறது. சூரிய ஒளியில் வளரும் பாசிகள் நீரில் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. அதைக் கொண்டு பாக்டீரியாக்கள் கரிமக் கழிவுகளைச் சிதைக்கின்றன. பாசிகளும் நுண்ணுயிர்களும் மீன்களுக்கு உணவாகின்றன. கரையோர ஆகாயத்தாமரை, மண் அரிப்பைத் தடுப்பதுடன் உலோக மாசுகளையும் ஓரளவு உறிஞ்சுகிறது. குளத்து நீர் பின்னர் நெல் வயல்களுக்குப் பாய்கிறது.

மீனவர்களின் இந்த நடைமுறை அறிவை 1980களில் ஆராய்ந்து உலகறியச் செய்தவர், மாநில அரசில் பணியாற்றிய சூழலியலாளர் துருபஜோதி கோஷ். 1992-இல் கொல்கத்தா உயர்நீதிமன்றம் இந்நிலத்தைப் பிற பயன்பாட்டுக்கு மாற்றத் தடை விதித்தது. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பு, 2002 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2006-இல் தனிப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது.

எனினும், ஆக்கிரமிப்புக் கட்டுமானங்கள் தொடர்கின்றன. தோல் பதனிடும் ஆலைகள் போன்றவற்றின் ரசாயனக் கழிவுகளைப் பாசிகளால் சிதைக்க இயலாது. அவை தனியாகச் சுத்திகரிக்கப்பட வேண்டும்.

ஒரு குளம் தூர்க்கப்பட்டால் மீனவரின் வாழ்வாதாரத்துடன் நகரின் சுத்திகரிப்புத் திறனும் குறைகிறது. அந்த அளவு கழிவுநீர் தூய்மையடையாமலேயே கழிமுகத்தைச் சென்றடையும்.